பூக்கட்டிப் பார்த்த ஃபிரேம்வொர்க்

இதை எழுதலாமா வேண்டாமா என்று மூன்று வருஷம் யோசித்தேன். நோட்டை எடுப்பேன், பிள்ளையார் சுழி போடுவேன், மூடி வைத்துவிடுவேன். சுழி மட்டும் போட்ட பக்கங்கள் அந்த நோட்டில் ஏழோ எட்டோ இருக்கின்றன. சோம்பல் இல்லை, பயம்தான். எங்கள் தெரு மாரியம்மன் பேரில் ஊரில் ஒரு கதை நடமாடுகிறது. அந்தக் கதையில் ஒரு தப்பு இருக்கிறது. தப்பைச் செய்தவள் நான். வாயைத் திறந்தால் ஆத்தா பேருக்குக் குறைவு வந்துவிடுமோ என்று ஒரு பயம். திறக்காவிட்டால் என் தப்பை அவள் தலையில் வைத்துவிட்டு நான் பாட்டுக்குச் சாம்பிராணி போட்டுக்கொண்டிருக்கிறேனே என்று இன்னொரு பயம்.

நான் ஒன்பதாவது வரை படித்தவள். கம்ப்யூட்டர் பற்றி எழுதுவதில் ஏதாவது பிசகு இருந்தால் பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். எனக்கு அவர்கள் சொல்லிப் புரிந்ததைத்தான் எழுதுகிறேன்.

எங்கள் வீடு கடலூர் முதுநகரில். இரண்டாயிரத்து நாலில் எனக்குக் கல்யாணம் ஆனபோது என் வீட்டுக்காரர் சிப்காட்டில் ஒரு கம்பெனி ஸ்டோரில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கம்பெனியைக் குறை சொல்ல மாட்டேன். எங்களுக்குச் சோறு போட்டது. ஆனால் அவர் மனசு அங்கே இல்லை. ஸ்டோரில் சாமான் இருப்பு பார்க்க ஒரு கம்ப்யூட்டர் வைத்திருந்தார்கள். அதில்தான் அவர் மனசு. ஷிப்ட் முடிந்து வந்து குளித்துவிட்டு, சாயங்கால வகுப்புக்கு ஓடுவார். இப்படியே கற்றுக்கொண்டு ஒரு லாட்ஜுக்கும் ஒரு டுடோரியலுக்கும் வெப்சைட் செய்து கொடுத்தார். என் தம்பி சிதம்பரத்தில் எம்.சி.ஏ. முடித்துவிட்டு, அங்கேயே ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வாரத்தில் மூன்று நாள் பாடம் எடுத்துக்கொண்டிருந்தான். மாமனும் மச்சானும் சேர்ந்துகொண்டார்கள். இரண்டாயிரத்து ஒன்பது சித்திரையில் என் வீட்டுக்காரர் வேலையை விட்டார். எங்கள் முன் ரூமில் இரண்டு கம்ப்யூட்டர், ஒரு யு.பி.எஸ்., சுவரில் மாரியம்மன் படம். அதுதான் ஆபீஸ்.

வேலையை விட்டபோது அவருடைய மேனேஜர் நல்ல மனசோடு ஒரு வார்த்தை சொன்னார். "ஆடி முடியற வரைக்கும் உன் எடத்துல வேற ஆள் போட மாட்டேன். சரிப்படலேன்னா வெக்கப்படாம வந்துடு." அந்த வார்த்தை எங்களுக்குத் தைரியமாகவும் இருந்தது, தலைக்கு மேல் தொங்குகிற மாதிரியும் இருந்தது. ஆடி வந்தது. கையில் இருந்தது ஒரே ஒரு பெரிய வேலை.

கடலூரிலிருந்து சிதம்பரம் வரைக்கும் உள்ள சில கல்யாண மண்டபக்காரர்கள் சேர்ந்து கேட்டிருந்தார்கள். எந்த முகூர்த்த நாளில் எந்த மண்டபம் காலியாக இருக்கிறது என்று வீட்டிலிருந்தே பார்க்கிற மாதிரி ஒரு வெப்சைட். ஆவணி பிறந்தால் முகூர்த்தம் தொடங்கிவிடும். அதனால் ஆடிக் கடைசி வெள்ளிக்குள் நாலு மண்டபத்துத் தேதியாவது திரையில் தெரிய வேண்டும், இல்லாவிட்டால் சென்னையில் ஆள் பார்த்துக்கொள்கிறோம் என்று கறாராகச் சொல்லிவிட்டார்கள். அந்த வேலை போனால் என் வீட்டுக்காரர் திரும்ப ஸ்டோருக்குப் போக வேண்டியதுதான். அதைப் பற்றி அவர் பேசவில்லை. ஆனால் பழைய கம்பெனி அடையாள அட்டையை எடுத்து, துடைத்து, மறுபடி பீரோவில் வைத்ததை நான் பார்த்தேன்.

ஆடி பிறந்து ஒரு வாரம் ஓடியும் ஒரு வரிகூட எழுதவில்லை. மாமனுக்கும் மச்சானுக்கும் ஃபிரேம்வொர்க் சண்டை.

"அப்படின்னா இன்னாங்க?" என்று கேட்டேன்.

"கல்யாணத்துக்கு மண்டபம் எடுக்கறோம்ல, அது மாதிரி. அடுப்பு, அண்டா, பந்தி பெஞ்சு, மணமேடை எல்லாம் ரெடியா இருக்கும். நம்ம போய் சமைச்சுப் போட வேண்டியதுதான். அது இல்லேன்னா பந்தக்கால் நடறதுலேர்ந்து நம்மளே செய்யணும்."

"அப்ப ஏதோ ஒரு மண்டபத்த எடுங்களேன். இதுக்கா ஒரு வாரமா சண்ட?"

"உன் தம்பியக் கேளு."

தம்பி நாற்காலியைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தான். "அக்கா, மாமா புடிச்சுகினு நிக்கறது பழைய மண்டபம். பி.எச்.பி. நான் சொல்றது ஏசி மண்டபம். ரூபின்னு பேரு. நாலு நாள் வேலைய அரை நாள்ல முடிச்சுடலாம்."

"ஏசி மண்டபத்துல கரண்டு போனாத் தெரியும் சேதி" என்றார் இவர்.

"மாமா, நீங்க இன்னும் ஸ்டோர்லயே இருக்கீங்க."

"ஆமாண்டா மச்சான். ஸ்டோர்ல இருக்கறவனுக்குத்தான் எந்தச் சாமான் எந்தத் தட்டுல இருக்குன்னு தெரியும். ரெண்டு வருஷமா நான் போட்ட சைட்டெல்லாம் அதுலதான் ஓடுது."

"ஓடல, நடக்குது."

விளையாட்டாய்த்தான் பேசிக்கொள்வார்கள். ஆனால் அந்த வாரக் கடைசியில் தம்பி சாப்பிடாமல் சிதம்பரம் பஸ் ஏறிவிட்டான். நான்தான் சொன்னேன், ஆத்தாளிடம் பூக்கட்டிப் பார்த்துவிடலாம் என்று.

எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வரன் முடிவாகாவிட்டாலும், நிலம் வாங்குவதா வேண்டாமா என்றாலும் பூக்கட்டிப் பார்ப்பது வழக்கம். ஒரே மாதிரி இரண்டு பொட்டலம். ஒன்றில் வெள்ளைப் பூ, ஒன்றில் சிவப்புப் பூ. அம்மன் பாதத்தில் வைத்துக் கும்பிட்டு, ஒரு பிஞ்சுக் குழந்தையை எடுக்கச் சொல்ல வேண்டும். எது வருகிறதோ அது ஆத்தா வாக்கு. அப்புறம் மறுபேச்சு கிடையாது. இவர் உடனே ஒத்துக்கொண்டார். படித்தவன், தம்பி கேலி செய்வான் என்று நினைத்தேன். போனில், "ரூபின்னா மாணிக்கக் கல்லு, செவப்பு. எனக்குச் செவப்பு போடு அக்கா" என்றான். அவனுக்கும் சண்டை முடிந்தால் போதும் என்றிருந்தது போல.

ஆடி இரண்டாம் வெள்ளி. கோவிலுக்குக் கூழ் கொண்டுபோக வேண்டும். விடியற்காலையிலேயே கேழ்வரகு கரைத்து அடுப்பில் வைத்துவிட்டு, சமையல்கட்டுத் தரையில் உட்கார்ந்து பொட்டலம் கட்டினேன். நந்தியாவட்டை ஒன்று, செவ்வரளி இரண்டு. அரளியில் ஒன்று வாடினால் இன்னொன்று இருக்கட்டுமே என்று கூடுதலாகப் பறித்திருந்தேன். முதலில் அரளியைக் கட்டினேன். அடுத்ததற்குத் தாள் கிழித்தபோது அதில் வண்ண விளம்பரம் இருந்தது. இரண்டும் ஒன்றுபோல இருக்க வேண்டுமே. வேறு தாள் தேட எழுந்தேன். அதற்குள் கூழ் பொங்கி அடுப்பை அணைத்துவிட்டது. ஓடிப்போய் இறக்கி, துடைத்து, மறுபடி பற்றவைத்து, எங்கள் பாப்பாவை எழுப்பி, தலைக்குத் தண்ணீர் ஊற்றி, செப்புக் குடத்தைச் சமையல்கட்டுத் தரையில் இறக்கிவிட்டு, திரும்ப உட்கார்ந்து மீதிப் பொட்டலத்தைக் கட்டினேன். மஞ்சள் நூல் சுற்றினேன். இரண்டும் அச்சாக ஒரே மாதிரி இருந்தன. நன்றாகக் கட்டியிருக்கிறேன் என்று பெருமைகூடப் பட்டேன்.

கோவிலில் கூட்டம். பூசாரி பொட்டலங்களை வாங்கி அம்மன் பாதத்தில் வைத்து எலுமிச்சம்பழத்தை உருட்டிவிட்டார். இவர் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். தம்பி மூடவில்லை, ஆனால் கை கூப்பியிருந்தான். பாப்பாவுக்கு அப்போது நாலு வயசு. ஒரு பொட்டலத்தை எடுத்து என் தம்பி கையில் கொடுத்தாள். பிரித்தால் செவ்வரளி.

"செவப்பு சொல்லிட்டா. மறு பொட்டலத்தப் பிரிக்காதீங்க. பிரிச்சா ஆத்தா வாக்க சந்தேகப்படற மாதிரி. கொண்டுபோய் கெணத்துல போட்டுடுங்க" என்றார் பூசாரி.

இவர் திருநீறை எடுத்து மச்சான் நெற்றியில் பூசிவிட்டார். "ஆரம்பிடா. எனக்கும் அந்த ரூபியக் கத்துக் குடு." அதைக் கேட்டு எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

அன்று மத்தியானம் சமையல்கட்டைக் கழுவச் செப்புக் குடத்தை நகர்த்தினேன். குடத்தின் ஈர அடியில் ஒட்டிக்கொண்டு நந்தியாவட்டை இருந்தது. நசுங்கி, ஓரம் பழுத்து. வெள்ளைப் பூ இங்கே இருந்தால் பொட்டலத்தில் என்ன இருந்தது? கோவிலுக்குக் கொண்டுபோன மஞ்சள் பையிலிருந்து மறு பொட்டலத்தை எடுத்து, பூசாரி சொன்னதையும் மீறிப் பிரித்தேன். அதிலும் செவ்வரளி.

ஆத்தாளிடம் இரண்டு வழி காட்டு என்று கேட்டுவிட்டு இரண்டு கையிலும் ஒரே வழியை வைத்திருக்கிறேன். அவள் என்ன செய்வாள்?

முன் ரூமில் சிரிப்புச் சத்தம் கேட்டது. ஒரு வாரம் கழித்து இப்போதுதான் சிரிக்கிறார்கள். எப்படிப் போய்ச் சொல்வது? பொட்டலத்தைக் கிணற்றில் போட்டேன். சொல்லவில்லை.

ஒன்பது நாள் சொல்லவில்லை. அந்த ஒன்பது நாளும் என் வீட்டுக்காரர் பட்ட பாட்டை நான்தான் பார்த்தேன். தம்பி சிதம்பரத்தில் அச்சடித்துக் கொண்டுவந்த தாள்கட்டு ஒன்று, செங்கல் கனம். அதைத் தொடையில் வைத்துக்கொண்டு, பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை மாதிரி உதட்டை அசைத்து அசைத்துப் படிப்பார். தம்பி வருகிற நாளில் வேலை ஓடும். அவன் சென்டருக்குப் போகிற மூன்று நாளும் இவர் திரையை முறைத்துக்கொண்டே இருப்பார். ஒரு எழுத்து மாறி நின்றுவிட்டால் எங்கே என்று கண்டுபிடிக்கத் தெரியாது. போனில் கேட்பார். அவன் வகுப்பில் இருப்பான். அதற்குள் இங்கே கரண்டு போய்விடும்.

"முடியலேன்னா பழையதுலயே செய்யுங்களேன்" என்று ஒருநாள் மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன்.

"ஆத்தா சொன்ன பொறவு மாத்தலாமா? கஷ்டப்படுத்தித்தான் குடுப்பா. நீதான சொல்லுவ" என்றார்.

என் வார்த்தையை எனக்கே திருப்பிக் கொடுத்தார். அன்றைக்குச் சாயங்காலம் கோவிலுக்குப் போய் ஆத்தா முகத்தைப் பார்க்க முடியாமல் பாதத்தை மட்டும் பார்த்துவிட்டு வந்தேன். மறுநாள் அவர் மேனேஜருக்கு போன் போட்டு, "சும்மாத்தான் சார், சௌக்கியமான்னு" என்று பேசினார். சும்மா இல்லை என்று எனக்குத் தெரியாதா.

அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை. தம்பி வந்திருந்தான். கூழும் கருவாட்டுக் குழம்பும். இரண்டு பேரும் உட்கார்ந்ததும் நான் பரிமாறாமல் நின்றேன்.

"இன்னா, கரண்டிய வச்சுகினு செல மாதிரி நிக்கற?" என்றார் இவர்.

"ரெண்டு பொட்டலத்துலயும் செவப்புதான் இருந்துது" என்றேன். கூழ் பொங்கியதிலிருந்து கிணற்றில் போட்டது வரை ஒரே மூச்சில் சொன்னேன்.

தம்பிதான் முதலில் வாயைத் திறந்தான்.

"அக்கா, டெஸ்டிங் பண்ணாமலே டெலிவரி குடுத்துட்டியே."

"சும்மாரு. உனக்கு எல்லாம் வெளையாட்டு."

இவர் என்னையே பார்த்தார். திட்டுவார் என்று நின்றேன். "அப்ப ஆத்தா எனக்கு எதிரா ஒண்ணும் சொல்லலையா?" என்றார்.

"அவளை எங்கங்க நான் சொல்ல விட்டேன்?"

அவர் தோள் அப்படியே இறங்கியது. ஒன்பது நாளாகக் கஷ்டப்பட்டது ரூபிக்காக மட்டும் இல்லை என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. தன் இரண்டு வருஷ வேலையை ஆத்தா வேண்டாம் என்று தள்ளிவிட்டதாக மனசுக்குள் வைத்துக்கொண்டு இருந்திருக்கிறார் மனுஷன். கூழில் மோரை ஊற்றி மடமடவென்று குடித்தார். "நல்ல வேளடி" என்றார். அதற்குப் பிறகுதான் சிரித்தார்.

"திரும்பக் கட்டுவோமா? இந்த வாட்டி நானே பூ வெக்கறேன்" என்றான் தம்பி.

"வேணாம்" என்றேன் நான். "அவளுக்கு நூறு வேல. இத நீங்களே பேசி முடிங்க."

பேசினார்கள். இந்தத் தடவை சண்டை மாதிரி இல்லை. நடுவில் இவர் கேட்டார்: "மச்சான், மண்டபக்காரங்க ஏற்கெனவே ஒரு சர்வர்ல எடம் வாங்கி வச்சிருக்காங்களே, அதுல உன் ரூபி ஓடுமா?"

தம்பி கருவாட்டை அப்படியே வைத்தான். "ஓடும்னுதான் நெனைக்கறேன்."

"நெனைக்கறியா?"

கையைக் கழுவிவிட்டு சென்னையில் அந்த சர்வர்காரர்களுக்கு போன் போட்டான். ஞாயிற்றுக்கிழமையும் ஆள் இருந்தது. இரண்டு நிமிஷம் ஆமாம், சரி, ஆமாம் என்றான். வைத்துவிட்டு எங்களைப் பார்த்தான்.

"இந்த எடத்துல பி.எச்.பி. மட்டும்தான் ஓடுமாம், மாமா."

"இத பத்து நாளைக்கு முன்ன கேட்டிருக்கலாமேடா."

"ஆத்தா சொல்லிட்டா. அதுக்கு மேல யாரு போன் போட்டுக் கேப்பா?"

எனக்கு அந்த வார்த்தை இன்றைக்கும் காதில் இருக்கிறது. தம்பி நினைத்திருந்தால், வேறு சர்வர் வாங்கலாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவனுக்கு அந்த ரூபி மேல் உண்மையான ஆசை. அப்புறம் சொன்னான், "சர்வர் கெடக்கட்டும் மாமா. நான் வராத நாள்ல நின்னு போச்சுன்னா உங்களால ஓட வெக்க முடியணும். உங்க மண்டபத்த நான் ரெண்டு நாள்ல கத்துக்குவேன். என் மண்டபத்துல உங்களுக்கு அண்டா எங்க இருக்குன்னே தெரியல."

"என் பழைய மண்டபத்துலயா?"

"பெயிண்ட் அடிச்சுக்கலாம்" என்றான். இன்னொரு சொம்பு கூழ் கேட்டான். சாப்பிடுகிறானே என்று எனக்குப் பாதி உயிர் வந்தது.

மறுநாள் ஆடிப்பெருக்கு. நல்ல நாள். சூடம் காட்டி, திரும்ப முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். கையில் பன்னிரண்டு நாள். முகூர்த்த நாள் பட்டியலுக்கு என்னைக் கூப்பிட்டார்கள். பஞ்சாங்கம் பார்த்து வளர்பிறை எது, தேய்பிறை எது, கரிநாள் எது என்று நான் சொல்லச் சொல்லத் தம்பி தட்டினான். ரூபியில் பார்த்த சில நல்ல வழக்கங்களை அவன் இதிலும் கொண்டுவந்து சேர்த்தான் என்று இவரே மெச்சிக்கொண்டார். எந்த ஃபைல் எந்த இடத்தில் இருக்க வேண்டும் என்று அவன் அடுக்கி வைத்ததைப் பார்த்து, "ஸ்டோர் வேலைக்கு வர்றியாடா?" என்றார்.

ஆடிக் கடைசி வெள்ளியன்று சிதம்பரத்தில் ஒரு மண்டபத்து ஆபீஸில் வைத்துக் காட்டினார்கள். நானும் போயிருந்தேன். மண்டபத்துக் கணக்கர் வயசானவர், மௌஸைத் தேங்காய் பிடிக்கிற மாதிரி பிடித்தார். ஆவணியில் ஒரு தேதியைத் தொட்டார். நாலு மண்டபமும் வந்து நின்றன. இரண்டு காலி, இரண்டு புக் ஆகிவிட்டது. "அட, நான் நோட்டப் புரட்டற நேரங்கூட ஆவல" என்றார். வேலை எங்களுக்கு நிலைத்தது. திரும்பி வரும் பஸ்ஸிலேயே இவர் மேனேஜருக்கு போன் செய்து, "சார், என் எடத்துல ஆள் போட்டுக்கங்க" என்றார். போனை வைத்துவிட்டுப் பரங்கிப்பேட்டை தாண்டுகிற வரைக்கும் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். மறுவாரம் ஆத்தாளுக்குப் பொங்கல் வைத்தோம்.

இதோடு முடிந்திருந்தால் எழுத வேண்டிய அவசியமே இல்லை. சிதம்பரத்தில் யாரோ, "எப்படி இவ்ளோ சீக்கிரம்?" என்று கேட்க, இவர் சந்தோஷத்தில், "எங்க ஆத்தாகிட்ட பூக்கட்டிப் பாத்துத்தான் ஆரம்பிச்சோம்" என்று சொல்லிவிட்டார். பாதிதான் சொன்னார். மீதியைச் சொல்வதற்குள் காபி வந்துவிட்டது. அந்தப் பாதி எங்களுக்கு முன்னால் முதுநகர் வந்து சேர்ந்தது. ஒருத்தி, அம்மன் கம்ப்யூட்டருக்கே வழி சொன்னாள் என்றாள். இன்னொருத்தி, பூ தானாகப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டு வெளியே விழுந்தது என்றாள். எதிர் வீட்டு அக்கா, நான் கூடவே நின்று பார்த்தேன் என்றே சொன்னார். அன்றைக்கு அவர் விருத்தாசலத்தில் இருந்தார். காலேஜில் எந்தப் பாடம் எடுப்பது, எந்தப் போன் வாங்குவது என்று ஜனங்கள் பொட்டலத்தோடு வர ஆரம்பித்தார்கள். பூசாரிக்குப் பெருமை தாங்கவில்லை. நான் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். மூன்று வருஷம்.

போன மாதம் மங்கலம்பேட்டையிலிருந்து ஒரு பெண் வந்தாள். என்னைவிடச் சின்னவள். புருஷனுக்கு இருதயத்தில் கோளாறு. ஆபரேஷன் செய்துகொள்வதா, மருந்திலேயே ஓட்டுவதா என்று ஆத்தாளைக் கேட்க வேண்டுமாம். "உங்க கை ராசியான கையாமே அக்கா. நீங்களே பொட்டலம் கட்டிக் குடுங்க" என்று என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். எனக்கு அந்த நந்தியாவட்டைதான் கண்முன்னால் வந்தது. அவளை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். "டாக்டர்கிட்ட கேக்க வேண்டியத கேட்டுட்டியா?" என்றேன். இல்லை என்று தலையாட்டினாள். எதை எதைக் கேட்க வேண்டும் என்று இரண்டு பேரும் சேர்ந்து ஒரு தாளில் எழுதினோம். அந்தத் தாளை ஆத்தா பாதத்தில் வைத்து எடுத்துக் கொடுத்தேன். கேட்கத் தைரியம் கொடு தாயே என்று வேண்டிக்கொண்டோம். அவளும் டாக்டரைப் பார்த்து எல்லாவற்றையும் கேட்டுவிட்டதாக போன் செய்தாள். வைத்தியம் நடக்கிறது.

இரண்டு பொட்டலத்திலும் சிவப்பு வைக்கச் செய்ததும் ஆத்தா செயல்தான் என்று இவர் சொல்கிறார். அப்படி நினைத்துக்கொள்ள எனக்கும் ஆசைதான். ஆனால் கூழ் பொங்கியது, நான் பார்க்காமல் கட்டினேன். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஒன்பதாம் நாள் அந்தக் கரண்டியோடு நின்றபோது வாயைத் திறக்க வைத்தவள் அவள். அதை மட்டும் எந்தக் கோவிலில் வேண்டுமானாலும் சூடம் அணைத்துச் சொல்வேன்.

இதைத் தம்பி டைப் அடித்துத் தருகிறான். அழகுக்காக எதையும் மாற்றக் கூடாது என்று அவனிடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன். படிக்கிற உங்களிடமும் அதையே கேட்கிறேன். எங்கள் மாரியம்மன் கதையை யாராவது சொல்லக் கேட்டால் இதையும் சொல்லுங்கள். பூ தானாக விழவில்லை, வெள்ளைப் பூ குடத்தடியில் இருந்தது என்று சொல்லுங்கள். கருவாட்டுக் குழம்பைக்கூட விட்டுவிட வேண்டாம். நான் எழுதியது எழுதினபடியே, ஒரு பூ கூட்டாமல், ஒரு பூ குறைக்காமல் நாலு பேருக்குப் போய்ச் சேரட்டும்.